‘வூ’ என்னும் சொல்லுக்கு நாங்கள் கொண்ட தமிழ்

நான் ஓய்வு பெற்றபின் என் வகுப்பை ஏற்றுப் பிரெஞ்சு கற்பிக்கும் இளைஞர் சென்ற மாதம் என் வீட்டுக்கு வந்தார். கையில் ஒரு விடைத்தாள் வைத்திருந்தார். ‘வூ’ என்னும் பிரெஞ்சுச் சொல் வந்த இடமெல்லாம் மாணவன் ‘நீர்’ என்று தமிழாக்கியிருந்தான். தேர்வாளர் ஒவ்வோர் இடத்திலும் அதனைச் சிவப்பு மையால் அடித்து, ‘நீங்கள்’ என்று மேலே எழுதியிருந்தார்.

“வருஷா வருஷம் நம்ம பிள்ளைகளுக்கு இதுலதான் மார்க் போகுது, ஐயா. வேற எந்தப் பள்ளிக்கூடத்துலயும் இப்படி எழுதுதது இல்லையாம். இந்த வழக்கத்த ஆரு கொண்டுவந்தது? மாத்திப்புடலாமா?” என்றார்.

கொண்டுவந்தவன் நான். மாற்ற விரும்பினால் மாற்றட்டும். அச்சொல் அவ்வகுப்பில் எவ்வாறு வந்து அமர்ந்தது என்பதை அறிந்தபின் மாற்றட்டும் என்பதே என் வேண்டுகோள்.

நான் ஏரலில் பிறந்தவன். ஊரில் ஒரு புலவரிடம் முறையாகத் தமிழ் கற்றேன். திருச்சிராப்பள்ளியில் பிரெஞ்சு கற்றேன். ஆசிரியப் பயிற்சிக்காகச் செலவான ஆண்டைப் பற்றிச் சொல்லத்தக்கது ஒன்றுமில்லை. வகுப்பை நடத்துவது பற்றி அங்கே நிறையக் குறிப்பெடுத்தோம். நடத்தக் கற்றதோ தூத்துக்குடியில், கடற்கரையை அடுத்த ஓர் உயர்நிலைப் பள்ளியில். அதன் தலைமையாசிரியர் பிரான்சிலிருந்து வந்த துறவி. ஊரார் அவரைப் பெரிய சாமி என்றனர். நானும் இங்கே அவ்வாறே குறிக்கிறேன்.

பெரிய சாமி நெடிய, மெலிந்த உருவினர். அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. செபப் புத்தகத்தைக் கொண்டு தமிழ் கற்றவராதலால் அவருக்கு முன்னிலை ஒன்றே ஒன்றுதான். மேற்பார்வைக்கு வந்த கல்வி அதிகாரியையும் ‘நீர்’ என்பார். முற்றம் பெருக்குபவரையும் ‘நீர்’ என்பார். அதைக் கேட்டுக் கடற்கரையார் வாய்க்குள் சிரித்துக்கொள்வர். அது அறியாமை என்றே நானும் நெடுநாள் எண்ணியிருந்தேன்.

நான் துணையாசிரியனாக இருந்த அவருடைய பிரெஞ்சு வகுப்பு தாழ்வாரத்திலேயே தொடங்கிவிடும். மணி அடித்ததும் பிள்ளைகள் வரிசையில் நிற்பர். கடைசிப் பேச்சொலி அடங்கிய பின்பே கதவு திறக்கும். ‘ஏலே’ என்னும் விளி அந்த நிலைப்படிக்கு வெளியே நின்றுவிட வேண்டும். உள்ளே சென்றவர் தத்தம் இடத்தில் நிற்க வேண்டும். சொன்னபின் அமர வேண்டும். அன்றைய முறைக்குரிய மாணவன் கரும்பலகையை ஈரத் துணியாலும் பின்னர் உலர்ந்த துணியாலும் துடைத்து, வலப்புற மூலையில் நாளைப் பிரெஞ்சில் எழுதுவான். அம்மொழியில் மாதப் பெயர் சிறிய எழுத்தில் தொடங்கும். ஆங்கிலப் பழக்கத்தால் பெரிய எழுத்திட்டவன் முழு வரியையும் அழித்து மறுபடி எழுதுவான். அதுவரை வருகைப் பெயர் அழைக்கப்படாது.

சொல்லெழுத்துக்கு, அதாவது ஆசிரியர் வாசிக்கக் கேட்டு எழுதுவதற்கு, மூன்று வாசிப்பு. முதல் வாசிப்பில் பேனா மேசைமேல் கிடக்கும், கைகள் கட்டியிருக்கும், காது மட்டும் வேலை செய்யும். இரண்டாவது வாசிப்பில் தொடர் தொடராக எழுதுவர். மூன்றாவதில் திருத்துவர். இடையில் கேள்வி கேட்கலாகாது. கடற்காற்றில் தாள் பறக்காதிருக்க ஒவ்வொருவரும் ஒரு சிப்பியைக் கொண்டுவந்து தாளின் தலைப்பில் வைத்திருப்பர். மூன்றாம் வாசிப்பு முடிந்து சிப்பியை எடுக்கும் ஒலியே தாள் திரட்டுவதற்குரிய அடையாளம்.

இவ்வகுப்புக்குப் பிள்ளைகளை அவரே தேர்ந்தார். பணமும் குடியும் பார்த்தல்ல, செவி பார்த்து. ‘ட்யூ’ என்னும் பிரெஞ்சுச் சொல்லின் உயிரொலி தமிழில் இல்லாதது. உகரத்துக்கு உதட்டைக் குவித்து, குவித்த உதட்டோடு இகரத்தைச் சொன்னால் அது பிறக்கும். எவன் வாயில் அது பிறந்ததோ அவன் சேர்க்கப்பட்டான். வேடிக்கை என்னவெனில், அச்சொல்லைக்கொண்டு தேர்ந்தெடுத்தவர் அச்சொல்லை வகுப்பில் வழங்கவே விடமாட்டார். ‘ட்யூ’ என்பது ஒருமை முன்னிலை, நம் ‘நீ’. ‘வூ’ என்பது பன்மை. ஒருவருக்கே வழங்கும்போது மதிப்பு. ஆசிரியர் மாணவரையும், மாணவர் ஒருவரையொருவரும் ‘வூ’ என்றே சொல்ல வேண்டும் என்பது விதி. அதனைத் தமிழாக்கும்போது ‘நீங்கள்’ என்க என்று நான் சேர்த்தேன்.

வகுப்பின் இறுதிப் பகுதி இணைப் பயிற்சி. இருவர் எழுந்து எதிரெதிரே நிற்பர். ஒருவர் வினவ, மற்றவர் விடை சொல்வர். முதலில் பிரெஞ்சில், பிறகு தமிழில். எழுந்த இணை தன் தொடர்களை முடித்தாலன்றி மறு இணை எழலாகாது. முடிந்ததும் அவர் ‘சுய்வான்’ என்பார். ‘அடுத்தவர்’ என்று பொருள். பாராட்டென்று அவர் தந்தது அந்த ஒரு சொல்லே.

பாரிசு மாநகரைச் செருமானியப் படை கைப்பற்றிய செய்தி வந்தபோது பள்ளி திறந்து சில நாள்களே ஆகியிருந்தன. அன்று அவர் வகுப்புக்கு வரமாட்டார் என்று எண்ணி, நான் பாடம் நடத்த அணியமாக நின்றேன். அவர் வந்தார். முறைக்குரிய மாணவனிடமிருந்து சுண்ணக்கட்டியைக் கேட்டு வாங்கி, நாளைத் தாமே எழுதினார். மாதப் பெயரைப் பெரிய எழுத்தில் தொடங்கிவிட்டார். சற்று நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தவர், ஈரத் துணியை எடுத்து முழு வரியையும் அழித்து, உலர்ந்த துணியால் துடைத்து, மறுபடி எழுதினார். பிறகு வருகைப் பெயர் அழைத்தார். சொல்லெழுத்தை மூன்று முறை வாசித்தார். விதி யாருக்கும் விலக்களிக்காது என்பதை நான் கற்றது அந்நாளில்தான்.

மழைக்காலம் கழிந்து சங்கு குளிக்கும் பருவம் தொடங்கியபோது எங்கள் வகுப்புக்குச் சோதனை வந்தது.

பள்ளியின் கடைசி வகுப்பான ஆறாம் பாரத்தில் தொம்மை என்றொருவன் இருந்தான். அவன் தந்தை சம்மாட்டி. அதாவது, சங்கு குளிக்கும் வள்ளங்களுக்கு உடைமையாளர். அவருடைய வள்ளத்தில் குளிப்பவர் சூசை. கயிற்றைப் பற்றிக் கல்லோடு அமிழ்ந்து, கடலடியில் சங்கு பொறுக்கி, மூச்சு முட்டுமுன் கயிற்றை அசைத்து மேலே வருவது அவர் தொழில். சூசையின் மகன் இஞ்ஞாசியும் ஆறாம் பாரம். அந்த அரிய உயிரொலி அவ்வகுப்பில் எவர் வாயிலும் இஞ்ஞாசி வாயில் பிறந்ததுபோல் பிறக்கவில்லை. அரசுத் தேர்வு எழுதித் தேறினால் மேற்படிப்புக்குத் தாமே வழி செய்வதாகப் பெரிய சாமி சொல்லியிருந்தார். தேறாவிடில் அவனும் கடலுக்குத்தான் போக வேண்டும்.

வருகைப் பதிவேட்டு வரிசைப்படி தொம்மையும் இஞ்ஞாசியும் ஓர் இணை. ஐந்தாம் பாரம் முழுவதும் ஒருவரையொருவர் ‘வூ’ என்றும் ‘நீங்கள்’ என்றும் பழகியவர்கள். பழக்கம் நாவில் ஊறிவிட்டது. ஒருநாள் மாலை, அங்கிருந்த தன் தந்தைக்குச் செய்தி சொல்லச் சம்மாட்டி வீட்டு வாசலுக்கு வந்த இஞ்ஞாசியை, “நீங்க உள்ள வாங்க” என்று தொம்மை தன்னை மறந்து அழைத்துவிட்டான். வாசலில் நின்ற வள்ளக்காரர்கள் சிரித்தனர்.

மறுநாள் இணைப் பயிற்சியில் தொம்மை கேட்க வேண்டிய வினா, “ஊ அலே வூ, மொன் அமி?” என்பது. “நண்பரே, நீங்கள் எங்கே போகிறீர்கள்?” இஞ்ஞாசியின் விடை, “ஜெ வே ஆ லெகோல்.” “பள்ளிக்கூடத்துக்குப் போகிறேன்.” பாடநூலின் மிக எளிய தொடர்கள். தொம்மை பிரெஞ்சில் வினவினான். தமிழில் வாய் திறக்கவில்லை. இஞ்ஞாசி எதிரே காத்து நின்றான். பெரிய சாமி கடைசி இருக்கையில் அமர்ந்து இருவரையும் பார்த்துக்கொண்டிருந்தார். மணி அடிக்கும்வரை அவ்வறையில் ஒரு சொல் எழவில்லை.

மறுநாளும் அவ்வாறே. விதிப்படி வேறெந்த இணையும் எழ முடியவில்லை. தாழ்வாரத்தில் பிள்ளைகள் தொம்மையைச் சூழ்ந்துகொண்டனர்.

“ஏலே தொம்மை, ஒரு வார்த்தைய சொல்லித் தொலச்சாத்தான் என்னலே? ஒன்னால வகுப்பே ஊமையாக் கெடக்கு.”

“எங்க அப்பா பெல்ட்டால அடி வாங்கிப் பாருலே, அப்பம் தெரியும்.”

இஞ்ஞாசி இடையில் புகுந்தான். “எனக்கு என்னலே கொறஞ்சு போச்சு? நீ ‘நீ’ன்னே சொல்லிட்டு ஒக்காரு. நான் என்ன கலெக்டரா?”

“சொன்னா சாமி விடுவாராலே?” என்றான் தொம்மை. அவன் கண் கலங்கியிருந்ததை நான் கண்டேன்.

அன்று பிற்பகல் சம்மாட்டியே வந்தார். பட்டுச் சட்டையும் கைத்தடியுமாகத் தலைமையாசிரியர் அறைக்குள் நுழைந்தார். பெரிய சாமி எழுந்து, “வாரும், உட்காரும்” என்றார்.

“ஒக்கார வரல சாமி. பிரெஞ்சு படிக்கப் போட்டேனா, மரியாதய மாத்திப் படிக்கப் போட்டேனா? என் வாசல்ல நின்னுக்கிட்டு, என் வள்ளத்துல குளிக்குதவன் மவன என் மவன் ‘நீங்க வாங்க’ங்கான். கரையே சிரிக்கு. நாளைக்கு அவன் வள்ளத்த நடத்தணுமா வேண்டாமா?”

“வகுப்பில் எல்லாருக்கும் ஒரே விதி” என்றார் பெரிய சாமி.

“அப்பம் அந்தப் பய வகுப்புல இருக்கப்படாது. இருந்தா, சூசை வேற வள்ளம் பாத்துக்கிடட்டும். எந்தச் சம்மாட்டியும் அவன ஏத்தமாட்டான். அதயும் சொல்லிட்டுப் போறேன்.”

அவர் தடியூன்றிப் படியிறங்கும் ஓசை கேட்டது. பெரிய சாமி சொன்னதைச் செய்பவர், சம்மாட்டியும் அவ்வாறே.

மறுநாள் வருகைப் பெயர் அழைக்கும்போது, இஞ்ஞாசியின் பெயரைப் பிரெஞ்சு முறையில் “முசியே இஞ்ஞாஸ்” என்றதும் விடை வரவில்லை. பெரிய சாமி மறுமுறை அழைத்தார். இஞ்ஞாசி தந்தையோடு வள்ளத்தில் போய்விட்டான் என்று பின்வரிசையில் ஒருவன் சொன்னான். இணைப் பயிற்சி நேரத்தில் தொம்மை தனியே எழுந்து நின்றான். எதிரே இருக்கை காலியாக இருந்தது. அவனுக்கு வேறு இணை தரலாம் என்று நான் மெல்லச் சொன்னேன். “தொடங்கிய தொடர் முடியவில்லையே” என்றார் பெரிய சாமி.

சில நாள்களில் சூசை வந்தார். ஈர வேட்டியோடு கதவுக்கு வெளியிலேயே நின்றார். பெரிய சாமி வற்புறுத்திய பின்பே உள்ளே வந்தார், அமர்வதற்கு இசையவில்லை. கடலடியின் அழுத்தத்தால் ஒரு காது கெட்டவராதலின் தலையைச் சாய்த்துப் பேசினார்.

“சாமி, எம் பிள்ள ராவெல்லாம் அந்தப் பொஸ்தகத்தத்தான் வச்சிக்கிட்டு இருக்கான். பகல்ல கயிறு சுத்துதான். ஒரு உபகாரம் பண்ணுங்க. சம்மாட்டி மவன் அவன ‘நீ’ன்னே சொல்லட்டும். ‘ஏலே’ன்னாலும் சரிதான். அவனுக்கு ஒரு கொறச்சலும் வராது. படிக்கட்டும், அது போதும்.”

தன் மகனை ஒருவன் தாழ்த்திப் பேசுவதற்கு ஒரு தந்தை இசைவு கேட்டு நின்றதை நான் வேறெங்கும் கண்டதில்லை. பெரிய சாமி மேசைமேல் இரு கைகளையும் விரித்து வைத்துக்கொண்டார். விதியைத் தளர்த்தினால் பையன் திரும்புவான். ஆனால் எதற்குத் திரும்புவான்? விதியைக் காத்தால் குடும்பத்தின் அடுப்பு அணையும். அவர் முகத்தில் அன்று கண்டது பாரிசு வீழ்ந்த நாளில்கூட நான் காணாத கலக்கம்.

பிறகு என்னை நோக்கி, “உம்முடைய தமிழில் ‘வூ’ என்பதற்கு ‘நீங்கள்’ ஒன்றுதானா?” என்று வினவினார்.

நான் இலக்கணம் சொன்னேன். வேறென்ன சொல்ல வல்லேன்? “‘நீ’ என்பதன் பழைய பன்மை ‘நீர்’. ‘நீங்கள்’ என்பது பன்மையின்மேல் மீண்டும் ‘கள்’ ஏற்றிய பின்னாளைய வடிவம். பன்மைச் சொல்லை ஒருவருக்கு மதிப்பாக வழங்குவதே ‘வூ’ எனின், முறையான நேர்ச்சொல் ‘நீர்’தான். தாங்கள் வழங்குவது.”

சூசை சட்டென்று நிமிர்ந்தார். “நீரா? சாமி, அது கயிறு புடிக்குதவரச் சொல்லுத பேச்சுல்லா!”

விளங்காமல் இருவரும் அவரை நோக்கினோம்.

“என் கயிற என் மச்சான்தான் புடிக்காரு. குளிக்குதவனும் கயிறு புடிக்குதவரும் நீ, வா, போன்னு பேசப்படாது. ‘நீரு’, ‘வாரும் வே’ன்னுதான். சண்ட போட்டாலும் அப்படித்தான். அடியில கெடக்கும்போது என் உசுரு அவரு கையிலல்லா இருக்கு.”

பெரிய சாமி எழுந்து தம் தொப்பியை எடுத்துக்கொண்டார். சூசையை வீட்டுக்குப் போகச் சொல்லிவிட்டு, என்னை உடன் அழைத்துக்கொண்டு கடற்கரைக்கு நடந்தார். வள்ளங்கள் கரையேறியிருந்தன. சங்குகளைக் குவித்த இடத்தில் சம்மாட்டி நின்றிருந்தார். எங்களைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

“உம்மிடம் ஒன்று கேட்க வந்தேன்” என்றார் பெரிய சாமி. “நீர் இளமையில் கடலில் குளித்தவர் என்கிறார்கள். உம்முடைய கயிற்றை யார் பிடித்தார்?”

சம்மாட்டி ஐயத்தோடு, “என் பெண்டாட்டிகூடப் பொறந்தவரு. செத்துப் போயிட்டாரு. அதுக்கென்ன இப்பம்?” என்றார்.

“அவரை எவ்வாறு விளித்தீர்?”

“எப்படின்னா? ‘நீரு’ன்னுதான். வேற எப்படிச் சொல்ல?”

“அவர் உமக்குக் கூலியாளா?”

சம்மாட்டியின் கைத்தடி மணலில் ஒரு கோடு கிழித்தது, அதனை அழித்தது. கூலிக்கு மூட்டை இறக்கிக்கொண்டிருந்தவர்கள் கை ஓய்ந்து கேட்டுக்கொண்டிருந்தனர். அதைக் கண்டதும் அவர் குரல் தடித்தது.

“சாமி, ‘நீங்க’ன்னு சொல்லப்படாது. அது என் வீட்டுப் பேச்சு இல்ல.”

“வேண்டாம். ‘நீர்’ போதும். நான் உம்மையும் அவ்வாறே அழைக்கிறேன்.”

“சூசையையுமா?”

“சூசையையும்.”

சம்மாட்டி அவரை ஒருகணம் உற்று நோக்கினார். “இம்புட்டு நாளும் எனக்குன்னு தனியாச் சொல்லுதீருன்னுல்லா நெனச்சேன்” என்றார். மூட்டை இறக்கியவர்களில் ஒருவர் சிரித்துவிட்டார். சம்மாட்டி அவரை முறைத்தார். பின்பு கடலைப் பார்த்தபடி, “பள்ளிக்கூடத்துக்குள்ள மட்டுந்தான். வாசல்ல வேண்டாம்” என்றார்.

பெரிய சாமி வணங்கித் திரும்பினார்.

இதனால் கரை மாறிவிட்டதென்று நான் எழுதினால் அது பொய். மறுநாளும் அந்தக் கரையில் ‘ஏலே’ ஒலித்தது. சூசை அதே கூலிக்கே அதே வள்ளத்தில் குளித்தார். மாறியது ஒரு வகுப்பறைக்குள் ஒரு சொல். ஆனால் அந்தச் சொல்லின் வழியாக ஒருவன் அவ்வறைக்குள் திரும்ப வர முடிந்தது.

இஞ்ஞாசி திங்கட்கிழமை வந்தான். வரிசையில் தன் இடத்தில் நின்றான். வெயிலில் முகம் கறுத்து, உப்பும் கயிறும் பட்டு உள்ளங்கைகள் வெடித்திருந்தன. “முசியே இஞ்ஞாஸ்” என்றபோது “பிரெசான்”, அதாவது ‘உள்ளேன்’, என்று எழுந்தவன் குரலில் நடுக்கமில்லை. சொல்லெழுத்து மூன்று வாசிப்பும் நடந்தது. சிப்பிகள் எடுக்கப்பட்டன. தாள்கள் திரட்டப்பட்டன. இணைப் பயிற்சி வந்தது.

தொம்மை எழுந்தான். இஞ்ஞாசி எழுந்து எதிரே நின்றான்.

“ஊ அலே வூ, மொன் அமி?” என்றான் தொம்மை. பின்பு நின்றான். ‘நண்பரே, நீர் எங்கே போகிறீர்?’ என்னும் தொடரை முன்பே நானே எழுதிக் கொடுத்து மனப்பாடம் செய்வித்திருந்தேன். அவன் இஞ்ஞாசியின் கைகளைப் பார்த்தான். நான் தந்த தொடர் அவனுக்கு மறந்துபோயிற்று.

“நீரு எங்கன போறீரு, வே?” என்றான்.

வகுப்பில் தமிழாக்கம் ஏட்டுத் தமிழில் அமைய வேண்டும் என்பது என் விதி. கொச்சை புகுந்த தொடரைத் திருத்தாமல் விட்ட வழக்கம் எனக்கில்லை. திருத்துவதற்கு வாயெடுத்தேன். கடைசி இருக்கையிலிருந்த பெரிய சாமி முழங்கால்மேல் வைத்த கையினின்று ஒரு விரலை மட்டும் உயர்த்தினார். நான் வாய்மூடினேன்.

“ஜெ வே ஆ லெகோல்” என்றான் இஞ்ஞாசி. பிறகு தமிழில், தொம்மை பேசிய அதே தமிழில், “பள்ளிக்கூடத்துக்குப் போறேன், வே” என்றான்.

“சுய்வான்” என்றார் பெரிய சாமி.

அடுத்த இணை எழுந்தது.